போதைக்கு ஆளான சிறுவனுக்குச் சிகிச்சை மறுப்பு: சங்கம் கடும் கண்டனம்

கூர்நோக்கு இல்லம் ஒன்றில் 16 வயதுச் சிறுவனை மருத்துவரிடம் காட்டாமல் இரண்டு இரவுகள் தனியறையில் பூட்டிவைத்த செயலை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகியவன் அவன். உள்ளே வந்த மறுநாளே மூக்கு ஒழுக, வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டான். வலி தாங்காமல் கதவைத் தட்டிக் கத்தியதை ‘அடங்காத்தனம்’ என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆலோசகர் போய்ப் பார்த்தபோது, நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வைகூட இல்லை.

ஓபியம் வகை மாத்திரைக்குப் பழகிய உடல், அது கிடைக்காத ஓரிரு நாளில் இப்படித்தான் படாத பாடு படும். மருந்து கொடுத்தால் தணியும். இதை இல்லத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதது யார் குற்றம்?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. போதைக்கு அடிமையான பிள்ளையை மறுவாழ்வு மையத்தில் உள்நோயாளியாகச் சேர்க்க, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 93ஆவது பிரிவு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அதிகாரம் தருகிறது. போதை மீட்புச் சிகிச்சைக்கு உத்தரவிட 18ஆவது பிரிவிலும் இடம் உண்டு. ஆனால் நாங்கள் அணுகிய மையங்களில், ‘18 வயது ஆகாதவர்களைச் சேர்ப்பதில்லை’ என்று கைவிரித்துவிட்டார்கள். உத்தரவு போட்டாலும் அனுப்ப இடம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை எங்கே போவான்?

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வை மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்டது. ஒயிட்னர், பஞ்சர் பசை போன்ற முகரும் போதையில் பெரியவர்கள் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளோ 1.17 விழுக்காடு. இத்தனைக்குப் பிறகும் பிள்ளைகளுக்கென்று தனிப் படுக்கைகள் ஒதுக்காததை அலட்சியம் என்றுதான் சொல்வோம்.

எங்களை அதிகம் அச்சுறுத்துவது விடுதலை நாள். சில வாரம் போதை இல்லாமல் இருந்த உடல், பழைய அளவைத் தாங்காது. சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் இன்றி வெளியே போகும் பிள்ளை, முன்பு போட்ட அதே அளவைப் போட்டு மூச்சடங்கிச் சாகக்கூடும். ‘வெளியே விட்டாச்சு, இனி பெற்றோர் பாடு’ என்று கோப்பை மூடுவதை ஏற்க முடியாது.

பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்கீழ் ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு. இந்தச் சிறுவனுக்கு மாத்திரை விற்றவர் மீது இன்றுவரை வழக்கு இல்லை.

இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாளே மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்குப் போதை மீட்புப் படுக்கைகளை ஒதுக்க வேண்டும். விடுதலைக்குப் பின் நன்னடத்தை அலுவலரும் ஆலோசகரும் வீடு தேடிச் சென்று பார்க்க ஏற்பாடு வேண்டும். தனியறைப் பூட்டு உடனே நிற்க வேண்டும். அந்தச் சிறுவனை இன்றே மருத்துவமனையில் சேர்க்கக் கோரி இளைஞர் நீதிக் குழுமத்திடம் மனு அளித்துள்ளோம்.

இப்படிக்கு,
பொதுச் செயலாளர்,
மாநிலச் செயற்குழுவுக்காக