மாற்றுப் பயிர் சரி, கட்டுபடியாகும் விலை எங்கே?

நெல்லையே நம்பியிராமல் காய்கறி போடுங்கள், பூ போடுங்கள், வருமானம் பெருகும் என்று சிறு விவசாயிகளுக்கு உபதேசம் செய்யப்படுகிறது. யோசனை தவறல்ல. கத்தரியும் வெண்டையும் காய்க்கத் தொடங்கினால் வாரத்தில் இரண்டு மூன்று முறை கையில் காசு புரளும். ஒரு பயிர் பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டார விவசாயிக்கு மேலும் ஒரு வசதி உண்டு. சென்னை சுமார் 40 கிலோமீட்டர்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தினமும் ஆலைக் கான்டீன்களில் சாப்பிடுகிறார்கள். சந்தை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் விவசாயி ஏன் தயங்குகிறார்?

நெல்லுக்கு ஆதரவு விலை என்று ஒன்று உண்டு. கொள்முதல் நிலையத்தில் ஆயிரம் குறை இருந்தாலும், விலை இன்னது என்று தெரியும். கத்தரிக்கும் வெண்டைக்கும் மல்லிகைக்கும் அதுகூடக் கிடையாது. மண்டியில் சொல்வதே விலை. எல்லோரும் ஒரே காயைப் பயிரிட்ட வருஷம் பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் தேறாது. காயைச் செடியிலேயே விட்டுவிட வேண்டியதுதான். லாபத்தில் பங்கு கேட்கப் பலர் வருவார்கள். நஷ்டம் மட்டும் விவசாயியின் தலையில்! இதற்குப் பெயர் பயிர் மாற்றமா, சூதாட்டமா?

2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. இவரால் ஒரு போகத்து நஷ்டத்தைத் தாங்க முடியுமா? குத்தகைக்கு உழுபவர் நிலை இன்னும் மோசம். பட்டா அவர் பெயரில் இல்லை; கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு.

வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 2020 நவம்பர் 1 முதல் 16 வகைக் காய்கறி, கிழங்கு, பழங்களுக்கு, உற்பத்திச் செலவுடன் 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலை நிர்ணயித்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

விலை மட்டும் போதாது; நீரும் நிலமும் நிலைக்க வேண்டும். ஏரிப் பாசன பூமி இது. வரத்துக் கால்வாய் தூர்ந்துபோனால் எந்தப் பயிரும் இல்லை. 2022ல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் ஏகனாபுரம் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நாளை நிலம் கையில் இருக்குமா என்று அறியாதவர், பல வருஷம் பூக்கும் மல்லிகையை எந்த தைரியத்தில் நடுவார்? ஆலைகள் வரும், போகும். 2006ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா 2014ல் மூடப்பட்டது. விளைநிலம் போனால் போனதுதான்.

எனவே நாம் கோருகிறோம்: காய்கறிகளுக்கும் சட்டபூர்வமான ஆதரவு விலை வேண்டும். ஆலைக் கான்டீன்கள் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களிடம் நேரடியாகக் காய்கறி வாங்க சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். குத்தகை விவசாயிக்குக் கடனும் பயிர் இன்ஷூரன்ஸும் கிடைக்க வேண்டும். ஏரிகளும் கால்வாய்களும் தூர் வாரப்பட வேண்டும். சம்மதமின்றி விளைநிலத்தைப் பறிப்பது நிற்க வேண்டும்.

இவ்வட்டாரத்தில் தந்தை வயலிலும் மகன் ஆலையிலும் பாடுபடும் குடும்பங்கள் உண்டு. ஒருவர் விளைவிப்பதையே மற்றவர் உண்ண வேண்டும். இருவர் உழைப்புக்கும் உரிய விலை வேண்டும். உழவரும் தொழிலாளரும் ஒன்றுபட்டு எழுப்பும் குரலை எந்த சர்க்காரும் அலட்சியம் செய்ய முடியாது. ஊர்தோறும் சங்கமாகத் திரளுங்கள்!