புறம் பேசுவதா புதினம்?

நாவல் படிப்பது வீண்பொழுது என்று கூறிவந்த பெரியவர்கள் சிலர் இப்போது வேறொரு குற்றச்சாட்டைக் கையில் எடுத்துள்ளனர். முஸ்லிம் எழுத்தாளர்களின் நாவல்களும் தன்வரலாறுகளும் சமுதாயத்தின் குறைகளை ஊரறியச் சொல்கின்றன. இது ‘கீபத்’, அதாவது புறம். ஆகவே இவை நம் பெண்மக்களின் கைக்குப் போகலாகாது என்பது அன்னாரின் வாதம். ஜமாஅத் நூலகம் ஒன்றில் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ இக்காரணத்திற்காகவே அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது. மார்க்கச் சொல்லைக் கொண்டு வழக்குரைப்போர் அச்சொல்லின் பொருளை முதலில் கிதாபுகளில் பார்த்திருக்க வேண்டும்.

புறம் என்பது யாது? இன்னார் என்று அறியப்பட்ட ஒருவரைப் பற்றி, அவர் வெறுப்பதை, அவர் இல்லாதவிடத்துக் கூறுவது. 1988இல் நூலாக வெளிவந்த அந்நாவலின் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி எந்த ஊர்க்காரர்? அவருக்காக யார் வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள்? அதுவுமன்றி, அநீதிக்கு ஆளானவன் முறையிடுவது விலக்கப்பட்ட புறத்தில் சேராது என்பதை இமாம் நவவீ (ரஹ்) ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் ஆறு விதிவிலக்குகளுள் முதலாவதாக வைத்துள்ளார்கள். முதலாளிக்குப் பணிய மறுக்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதின் குரல் முறையீடன்றி வேறென்ன? ஆங்கிலக் கல்வி ஹராம் என்று ஓர் ஊரே எதிர்த்து நின்ற கதையை இன்று நம் பேத்திமார் படித்தால் குறைந்துபோவது யாருடைய மானம்?

தன்வரலாற்றுக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல்முன்கிது மினள்ளலால்’ என்ன நூல்? பக்தாதின் நிஸாமிய்யாவில் பெரும்பேருடன் பாடம் நடத்திய தமது எண்ணம் தூயதாக இல்லை, புகழே தம்மை இயக்கிற்று என்று அவர்களே எழுதுகிறார்கள். நாவே கட்டுண்டு பாடம் சொல்ல இயலாது போனதையும் மறைக்கவில்லை. ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். மதரஸாக்கள் போற்றும் இமாமே தம் குறையை எழுதியிருக்க, நாம் மட்டும் வெள்ளை வேட்டியின் கறையைக் கைக்குட்டையால் மூடித் திரிகிறோம்!

அண்மையில் மீண்டும் படித்து மகிழ்ந்தது, எகிப்தியப் பேரறிஞர் தாஹா ஹுஸைனின் ‘அல்அய்யாம்’. சின்னஞ்சிறு வயதிலேயே கண்பார்வை இழந்தவர். கிராமத்து மக்தபில் ஓதியவர். குர்ஆனை மனனம் செய்து ‘ஷேக்’ என்று அழைக்கப்பட்ட சிறுவன், தந்தையின் நண்பர்கள் முன்னிலையில் ஓதச் சொன்னபோது தொடக்கத்திற்குமேல் நகர முடியாமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. தந்தை அடிக்கவில்லை, ஏசவில்லை. எழுந்துபோகச் சொல்கிறார், அவ்வளவே. ஹிஃப்ழு வகுப்பு நடத்தும் ஒவ்வோர் உஸ்தாதும் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பேன். பிள்ளை மறந்ததற்குப் பிள்ளையை மட்டுமே கேட்கிறோம். ஓதிக்கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை. (ஜாஹிலிய்யாக் கவிதை பற்றி அவர் 1926இல் எழுதிய நூலில் எனக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு.)

இத்தகைய நூல்களில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தாடியும் தலைப்பாகையும் கதைக்குள் நுழைந்துவிட்டால் அவர் வஞ்சகராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி செய்துகொண்டவர்கள் நம்மிடையே எழுதுகிறார்கள். அது சோம்பல். மீரானிடம் அந்தச் சோம்பல் இல்லை. அவருடைய மனிதர்கள் மண்ணில் நிற்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் காணாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது விமர்சனமாகாது.

யூஸுஃப் (அலை) அவர்களைப் பாழ்ங்கிணற்றில் போட்டவர்கள் ஒரு நபியின் பிள்ளைகள். அதை மறைக்காமல் சொல்லும் சூராவை நம் பெண்மக்கள் ஓதலாம். கடலோரத்து முதலாளியின் கதையை மட்டும் படிக்கலாகாதோ? தடுப்போர் அந்நாவலில் எந்தப் பக்கம் பொய் என்று காட்டி எழுதட்டும். வரிக்கு வரி விடையளிக்க நான் ஆயத்தமாக உள்ளேன்.