சிறைக்கு முக்கால் மணி நேரம், பீச்சுக்கு அரை நாளா?

சுற்றுலா ஏஜென்ட் ஐயா அவர்களுக்கு,

சென்னைக் கல்மண்டபத்திலிருந்து உங்கள் பேக்கேஜில் அந்தமான் போய்வந்த குழுவில் நானும் ஒருவன். பணத்தைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. ரூமில் ஏசி ஓடாததற்கும், வேளாவேளைக்குப் பூரியே போட்டதற்கும் உங்கள் மேனேஜரிடம் அங்கேயே சண்டை போட்டாயிற்று. இது செல்லுலார் சிறை விஷயம்.

நோட்டீசில் கொட்டை எழுத்தில் இருந்தது அந்தச் சிறைதான். எங்களில் பாதிப் பேர் பணம் கட்டியதே அதற்காக. நீங்கள் ஒதுக்கியதோ முக்கால் மணி நேரம். கைடு தம்பி எங்களை விடுவிடுவென்று மேல்மாடிக்கு ஏற்றி, சாவர்க்கர் இருந்த அறை முன்னால் நிறுத்தி, "போட்டோ எடுத்துக்குங்க, பீச்சுக்கு லேட்டாவுது" என்றார். 1911-இல் அவரை ஏற்றிப்போன மகாராஜா கப்பல் கிளம்பியதே எங்கள் மதராஸ் துறைமுகத்திலிருந்துதான். அதைக்கூடச் சொல்லக் கைடுக்குத் தோன்றவில்லை.

மற்ற அறைகள்? 1906-இல் கட்டி முடித்தபோது ஏழு கட்டடங்கள், 693 அறைகள். ஒன்றின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும். கைதி கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதாம். இன்று நிற்பது மூன்றுதான். மீதி எங்கே என்று ஒரு பெரியம்மா கேட்டதற்கு, "இடிஞ்சிடுச்சும்மா" என்று பதில். இடிந்த இடத்தில்தான் 1963 முதல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை நடக்கிறது.

தாழ்ப்பாளையாவது காட்டியிருக்கலாம். ஆயுசெல்லாம் இரும்போடு கிடந்தவன் நான், எனக்கே அசந்துபோயிற்று. நீளமான இரும்புத் தண்டு கதவைத் தாண்டிப் போய், பக்கத்துச் சுவரில் குடைந்த பொந்துக்குள் விழுகிறது. உள்ளே இருப்பவன் கம்பிவழியே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது.

என் வயிற்றெரிச்சல் செக்கு விஷயத்தில்தான். நாளைக்கு 30 ராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்டியாக வேண்டும், குறைந்தால் அடி என்றிருந்த இடம். அங்கே எங்கள் ஆட்களைச் செக்கில் கைவைத்துச் சிரிக்கச் சொன்னார் உங்கள் கைடு தம்பி. சிரித்தார்களே, அதுதான் கொடுமை. வ.உ.சி. இழுத்த செக்கைக் கிண்டி காந்தி மண்டபத்தில் பார்த்தவர்கள் அவர்கள். 1908-இல் அவருக்கு முதலில் விதித்ததும் தீவாந்தரத் தண்டனைதான். அந்தமானுக்கு அனுப்பாததால் கோவைச் சிறையில் இழுத்தார். இதை ஒரு வரி சொல்லியிருந்தால் ஒருத்தர் பல்லும் தெரிந்திருக்காது.

அதே சிறையில் 1933-இல் கைதிகள் இருந்த உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் செத்தார்கள். அவர்கள் சிலைகள் எதிர்ப் பூங்காவில் இருக்கின்றன. நம் பஸ் நின்றது அந்தப் பூங்கா ஓரம்தான்! ராத்திரி ஒலி-ஒளிக் காட்சியும் இந்தியில். பெண்கள் பாதியில் தூங்கிவிட்டார்கள்.

தீபாவளி கழிந்ததும் எங்கள் தெருவிலிருந்து இன்னொரு கூட்டம் கிளம்புகிறது. அவர்களுக்குக் காலை முழுக்கச் சிறையை ஒதுக்குங்கள், பீச்சைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். அந்தமானில் தமிழருக்குப் பஞ்சமில்லை; விஷயம் தெரிந்த ஒருவரைக் கைடாகப் போடுங்கள். இதையெல்லாம் நிகழ்ச்சி நிரலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அட்வான்ஸ்.

இப்படிக்கு,
துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்,
கல்மண்டபம்