சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்!

குடும்பம் நடத்த வரவு செலவுக் கணக்கு வேண்டும். சர்க்கார் போடும் கணக்குத்தான் பட்ஜெட்.

2021 ஆகஸ்டு 9-ந் தேதி தமிழக நிதி மந்திரி பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். சர்க்காரின் கடனைப் பங்கு போட்டால், ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2 லட்சத்து 63 ஆயிரத்து 976 ரூபாய் விழும் என்றது அது!

நான்கு நாள் கழித்து பட்ஜெட் வந்தது. பெட்ரோல் வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. ஸ்கூட்டர்காரருக்கு மகிழ்ச்சி. சர்க்காருக்கோ ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருமானம் போயிற்று.

அதே ஆண்டு மே மாதம் முதல், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது பெரிய உதவி. மிச்சமான காசு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் ஆகும். ஆனால் பஸ் சும்மா ஓடுமா? டீசல் வேண்டும்; டிரைவருக்குச் சம்பளம் வேண்டும். அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு சர்க்கார்தான் கொடுத்தது. அது மக்களின் வரிப்பணம். பள்ளிக்கூடம் நடப்பதும் அதே பணத்தில்தான்.

வரியைக் குறை என்பது நியாயம். பஸ் விடு, பள்ளிக்கூடம் திற என்பதும் நியாயம். இரண்டையும் சட்டசபையில் கேட்கிறவர், பணத்துக்கு வழியையும் சொல்லவேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்த வழி என்னவென்று கேளுங்கள்!