கார் நின்றுவிட்டால் உதவி: ஜொகூரில் டோல் சாலைக்கு ஒன்று, கூட்டரசு சாலைக்கு ஒன்றா?

பண்டிகைக் காலத்தில் ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே புறப்படும் வாகனங்களில் சில வழியிலேயே நின்றுவிடுவது வழக்கம். ரேடியேட்டர் சூடாகும், டயர் வெடிக்கும், பேட்டரி செத்துப்போகும். அதன் பிறகு உதவி எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது, வண்டி எந்தச் சாலையில் நின்றது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

கூலாய், மாச்சாப், ஆயர் ஹீத்தாம், பாகோ வழியாகச் செல்லும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை என்றால் கவலை குறைவு. பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அழைத்தால் ரோந்து வாகனம் வரும். கார்களை அருகிலுள்ள டோல் சாவடி அல்லது ஓய்வுத்தளம் வரை இலவசமாக இழுத்துச் செல்வார்கள். அழைக்கும்போது சாலையோரக் கிலோமீட்டர் பலகையில் உள்ள எண்ணையும், வடக்கே போகிறீர்களா தெற்கேயா என்பதையும் சொன்னால் போதும். "பாகோ தாண்டி எங்கேயோ" என்று சொன்னால் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

அந்தக் காத்திருப்புதான் ஆபத்தானது. அவசரத் தடத்தில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்திருப்பதோ, அதன் பின்னால் நின்று பூட்டைத் திறப்பதோ உயிருக்கே உலை வைக்கும். இருட்டில் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம். அபாய விளக்கைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் அழைத்துச் சென்று நிற்பதே நல்லது.

இன்னொரு தொல்லை, கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லாரி. ஆபத்பாந்தவன் போல் பேசி வண்டியைக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். கட்டணமும் பட்டறையும் அதன் பிறகுதான் தெரியவரும். விபத்து என்றால் பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் 15-500 எண்ணை அழைக்கலாம். வெறும் பழுது என்றால் சொந்தக் காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண் இருக்கிறது. முழுக் காப்புறுதி எடுத்தவர்கள் பலருக்கு, குறிப்பிட்ட தூரம்வரை இழுவைச் சேவை அதிலேயே அடக்கம் என்பது தெரியாது. பத்திரத்தை யார் படிக்கிறார்கள்?

டோல் சாலையை விட்டு இறங்கியதும் நிலைமை வேறு. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் 3ஆம் எண் கூட்டரசு சாலை, குளுவாங் வழியாக மெர்சிங்கை அடையும் 50ஆம் எண் சாலை, சிகாமட், லாபிஸ் பக்கமுள்ள 1ஆம் எண் சாலை ஆகியவற்றில் டோல் இல்லை. அதனால் ரோந்து வண்டி அனுப்பும் நிறுவனமும் இல்லை. பொதுப்பணித்துறை சாலையைப் பராமரிக்கும், நின்ற காரை இழுக்க வராது. மெர்சிங் சாலையில் செம்பனைத் தோட்டமும் காடும் மாறிமாறி வரும். காட்டு யானைகள் சாலையைக் கடக்கும் இடங்களும் அங்கே உண்டு.

தோட்டப்புறத்தில் வாழும் நம்மவர்கள் அன்றாடம் ஓட்டுவது இந்தச் சாலைகளில்தான். அவர்களில் பலரிடம் இருப்பவை பழைய கார்கள், மோட்டார் சைக்கிள்கள். அவற்றுக்கு எடுப்பது பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அதில் இழுவைச் சேவையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே தெரிந்த மெக்கானிக்கின் எண்ணே அவர்களுக்கு உதவி மையம். அவர் வேறு ஊருக்குப் போயிருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பண்டிகை வாரங்களிலாவது இந்தக் கூட்டரசு சாலைகளில் ஓர் இழுவை லாரியை நிறுத்தி வைக்க மாநில அரசும் பொதுப்பணித்துறையும் ஏற்பாடு செய்யலாம். டோல் கட்டாதவரும் சாலை வரி கட்டுகிறார்.