சாணி அள்ளிய பேத்தியும் மாடி அறைச் சாவியும்

போன வாரம் ராமநாயக்கன் ஏரிக்கரையில் நடையை முடித்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தவறு செய்தேன். பிரான்சில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி அனுப்பிய படங்களை நண்பர்களிடம் காட்டினேன். ஒரு படத்தில் அவள் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் மண்வாரியும் கையுமாக நிற்கிறாள்.

"என்ன சார், விருந்துக்குக் கூப்பிட்டுப் பொண்ணைச் சாணி அள்ள வெச்சிருக்காங்க!" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சாப்பிட்ட தட்டுகளையும் அவளே கழுவி வைத்தாள் என்று நான் வாயை விட்டேன். அவ்வளவுதான். பெங்களூரில் மகனை வைத்திருக்கும் இன்னொருவர், "விருந்தோம்பல்னா என்னன்னு அவங்களுக்குத் தமிழன்தான் சொல்லித் தரணும்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அன்று பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன். காலமெல்லாம் கோப்பு பார்த்தவனுக்கு வாயில் வராத பதில் பேனாவில்தான் வரும். இதோ வருகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேத்தி படிப்பது கிளேர்மோன் ஃபெரான் என்ற ஊரில். மிஷெலின் டயர் கம்பெனியின் தாய்வீடு. நம் ஓசூரைப் போலத் தொழிற்சாலையால் பெருத்த ஊர், பக்கத்திலேயே அணைந்துபோன எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. விடுமுறையில் ஊருக்குப் போக முடியாத வெளிநாட்டு மாணவர்களைச் சில குடும்பங்கள் தம் வீட்டுக்கு அழைப்பதுண்டு. காசு பணம் கிடையாது. அப்படித்தான் அக்டோபர் கடைசியில் மலைப்பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றுக்கு அவள் போனாள்.

போவதற்கு முதல் நாள் போன் செய்தாள். "தாத்தா, கடையில எல்லாம் சாமந்தித் தொட்டியா வெச்சிருக்காங்க, அழகா இருக்கு. வாங்கிட்டுப் போகவா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராயக்கோட்டைப் பக்கம் பார்த்து வளர்ந்த பெண், சாமந்தி என்றால் பூஜைக்கும் கல்யாணத்துக்கும்தான் என்று நினைக்கிறாள். அங்கே அது கல்லறைப் பூ. நவம்பர் 1 அவர்களுக்குச் சகல புனிதர் திருநாள், குடும்பம் குடும்பமாக இறந்தவர்களின் கல்லறைக்குச் சாமந்தி கொண்டுபோவார்கள். விருந்துக்கு அழைத்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோனால் எப்படி இருக்கும்! இனிப்பு வாங்கிக்கொண்டு போ என்றேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்ததற்கு இந்த வயதில் கிடைத்த உருப்படியான பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பண்ணையில் சேன் நெக்தேர் என்ற சீஸ் செய்கிறார்கள். பண்ணைச் சீஸ் என்ற பெயர் வேண்டுமானால் தங்கள் மாட்டுப் பாலை மட்டும், காய்ச்சாமல், கறந்த சூட்டோடு உறைய வைக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு கறவைக்குப் பிறகும் ஒரு முறை, நாளைக்கு இரண்டு தடவை. பிறகு அச்சில் அழுத்தி, உப்பிட்டு, நிலவறையில் குறைந்தது 28 நாள் முதிர விடுவார்கள். பண்ணையில் செய்ததற்கு நீள்வட்டப் பச்சை வில்லை, ஆலையில் செய்ததற்குச் சதுர வில்லை. மாட்டுக்கு ஞாயிறும் கிடையாது, திருநாளும் கிடையாது. விருந்தாளி வந்தாலும் காலை ஆறு மணிக்குக் கறந்தாக வேண்டும். நம் மத்திகிரிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள்.

முதல் நாள் இரவே அந்த வீட்டம்மா கேட்டிருக்கிறார்: "நாளைக்குத் தூங்கப் போகிறாயா, எங்களோடு வருகிறாயா?" இவள் வருகிறேன் என்றாள். அவர் தன் மகளின் பூட்ஸை எடுத்துக் கொடுத்தார். கேட்டுத்தான் கொடுத்தார், ஏவவில்லை. வேலை முடிந்ததும் கைப்பிடி இல்லாத பெரிய கிண்ணத்தில் பால் காப்பி, முக்கித் தின்ன ரொட்டி. பகலில் உருளைக்கிழங்கும் புதுச் சீஸும் சேர்த்துக் கிளறிய த்ருஃபாத் என்ற பதார்த்தம். இவளுக்காகப் பன்றிக்கொழுப்புத் துண்டு சேர்க்கவில்லை. மேசையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எல்லோரும் ஒன்றாக எழுந்து, எல்லோரும் தட்டை எடுத்தார்கள். மாலையில் அந்த வீட்டுக் கிழவரின் கல்லறைக்கு இவளையும் அழைத்துப் போனார்கள். ஒரு சாமந்தித் தொட்டியை இவள்தான் தூக்கிக்கொண்டு நடந்தாளாம்.

இரவு அடுப்பு இவள் கைக்கு வந்தது. "இன்றைக்கு நீ எங்களுக்கு என்ன செய்து தரப் போகிறாய்?" அந்த வட்டாரத்தில் லு புய் பச்சைப் பருப்பு பேர்போனது. அதை வேகவைத்து, பையில் வைத்திருந்த சாம்பார்ப் பொடியைப் போட்டுக் கொதிக்கவிட்டு, பெருங்காயம் தாளித்தாள். வாசனை பொறுக்காமல் வீட்டு நாய் எழுந்து வெளியே போய்விட்டதாம். வீட்டுக்காரர் மட்டும் ரொட்டியால் தட்டைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாராம். படுக்கப் போகுமுன் அந்த அம்மா, "நாம் இனி நீ, நீ என்றே பேசிக்கொள்வோமா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரெஞ்சில் 'வூ' என்றால் நீங்கள், 'த்யூ' என்றால் நீ. பெரியவர்களுக்குள் நீ என்று மாறுவதற்கு முன் சம்மதம் கேட்பது அங்கே மரியாதை. மாறினால் இருபக்கமும் மாறும். அறுபத்தைந்து வயது அம்மாவை என் பேத்தியும் நீ என்றுதான் கூப்பிட வேண்டும். அவளுக்கு நாக்கு எழவில்லையாம், அது வேறு கதை. நம் ஊரில் ஒரே நாளில் எத்தனை பேரை நீ என்கிறோம்? அவர்களில் எத்தனை பேர் நம்மைத் திருப்பி நீ என்று சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர முடியும்?

தலைமையாசிரியர் அவர்களே, என் வழக்கு இதுதான். அவளைக் கொட்டகைக்கும் சமையலறைக்கும் கல்லறைக்கும் விட்டார்களே, அதுதான் உபசாரம். கூடத்தில் நாற்காலி போட்டு, விசிறியைத் திருப்பிவிட்டு, தலைவாழை இலையில் பதினாறு பதார்த்தம் வைத்து, "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்திவிட்டு, சமையலறை வாசலை மட்டும் தாண்ட விடாமல் அனுப்புகிறோமே, அது மரியாதையோடு செய்த தூரம். அந்தத் தூரத்துக்கு என்ன காரணம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிரெஞ்சு மொழியில் 'ஓத்' என்று ஒரு சொல் உண்டு. அழைத்தவருக்கும் அதே சொல், வந்தவருக்கும் அதே சொல். சின்ன வயதில் இது என்ன குழப்பம் என்று எரிச்சலாக இருக்கும். எங்கள் பள்ளியில் பிரெஞ்சுக் கிராமம்தான் கிராமம். பனி, வைக்கோல் போர், மரச் செருப்பு எல்லாம் மனப்பாடம். பக்கத்தில் இருந்த பாகூர் ஏரியைப் பற்றி ஒரு வரி கிடையாது. 1877இல் வந்த பழைய வாசகப் புத்தகம் ஒன்றில் அநாதைச் சகோதரர் இருவர் பிரான்ஸ் முழுக்கச் சுற்றுவார்கள். தங்கும் வீடுகளில் சும்மா உட்கார்ந்து தின்ன மாட்டார்கள், ஆளுக்கொரு வேலை செய்வார்கள். இப்போது யோசித்தால் அந்த 'ஓத்' என்ற சொல்லுக்கு அதுதான் பொருள் விளக்கம்.

நம் சொல் மட்டும் குறைந்ததா? விருந்து என்றால் தமிழில் புதுமை. தொல்காப்பியம் சொல்லும் பொருள் அது. முன்பின் தெரியாத புதியவர்தான் விருந்து. வள்ளுவர் விருந்தையும் சுற்றத்தையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார். நாமோ மச்சானுக்கும் சம்பந்திக்கும் இலை போட்டுவிட்டு அதற்கு விருந்தோம்பல் என்று பெயர் வைத்துவிட்டோம்.

இந்த ஓசூர் அப்படி இருந்த ஊர் இல்லை. 1981இல் நான் இங்கே மாற்றலாகி வந்தபோது சிப்காட் வளர்ந்துகொண்டிருந்தது, வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. நான்கு வீட்டில் என்ன ஆள் என்று கேட்டார்கள். ஐந்தாவது வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு அவ்வா, "தின்னாவா நாயனா?" என்று மட்டும் கேட்டார். ராகிக் களியை நான் அதுவரை தொட்டதில்லை. அடுப்பங்கரையில் மணையைப் போட்டு, களியைக் கடிக்காமல் உருட்டி விழுங்கக் கற்றுக்கொடுத்தார். மறுநாளே கிணற்றில் தண்ணீர் சேந்தவும், பெங்களூரில் இருந்த மகனுக்குக் கடிதம் எழுதவும் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது தெலுங்கு, நான் எழுதியது தமிழ், படித்தவன் கன்னடப் பள்ளியில் படித்தவன். எப்படியோ விஷயம் போய்ச் சேர்ந்தது. பதினோரு மாதம் அந்த வீட்டில் இருந்தேன்.

இனி எழுதுவது எனக்கே கசப்பு. இரண்டு ஆண்டுக்கு முன் ஜூன் மாதம், நண்பகல். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்க இரண்டு பெண்கள் என் வீட்டுக் கேட்டில் நின்றார்கள். பேத்தி வயது இருக்கும். ஜார்க்கண்ட் என்றார்கள். "அங்கிள், மாடி ரூம்?" என்றாள் ஒருத்தி. தண்ணீர் கேட்டார்கள், சொம்பில் கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே வைத்துத்தான் கொடுத்தேன். பிறகு பலகையைக் காட்டினேன்: 'குடும்பத்துக்கு மட்டும்'. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. "ஓகே அங்கிள், தேங்க்யூ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் இன்னும் மூன்று கேட்டில் அவர்கள் நின்று திரும்பியதை ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

அதே மாதம்தான் பேத்தி கிளேர்மோனில் அறை தேடிக்கொண்டிருந்தாள். பிரான்சில் வசிக்கும் ஒருவர் ஜாமீன் நிற்காவிட்டால் அறை இல்லை என்று ஒரு வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான் கொதித்தெழுந்து, வெளிநாட்டுப் பெண் என்பதற்காக இப்படிச் செய்வது நியாயமா என்று அவருக்கு பிரெஞ்சில் ஒரு பக்க மின்னஞ்சல் எழுதினேன். அதில் ஒரு இலக்கணப் பிழைகூட இல்லை. அவர் பதில் போடவில்லை. கடைசியில் 'விசால்' என்ற இலவச உத்தரவாதத் திட்டத்தால் வேறு இடத்தில் அறை கிடைத்தது.

ஆகவே பிரான்ஸ் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அல்ஜீரியத் தொழிலாளிகளைத் தொழிற்சாலைக்கு அழைத்து, பாரிசை ஒட்டிய நாந்தேர் குடிசைகளில் அவர்களைக் கிடக்கவிட்ட நாடு அது. 1956இல் அவர்களுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கி விடுதி விடுதியாகக் கட்டினார்கள். கூரை கிடைத்தது, அக்கம்பக்கம் கிடைக்கவில்லை. நம் தொழிற்சாலைகளைச் சுற்றி எழும்பும் பெரிய பெரிய விடுதிகளைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவு வருகிறது. பேருந்தில் ஏறி, ஷிப்ட் பார்த்து, பேருந்தில் இறங்கி, நம் ஊரிலேயே நம் வீட்டு வாசல் ஒன்றைக்கூடத் தாண்டாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து போகிறார்கள். ஊரின் வாடகை, மளிகை, பிரியாணிக் கடை எல்லாம் அவர்கள் சம்பளத்தில் நடக்கிறது.

கிழவர்களாகிய நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெயிலில் ஏறத்தாழ 15,000 பேர் செத்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். முதியவர் வீட்டில் மாணவரைத் தங்கவைக்கும் அமைப்புகள் அதற்குப் பிறகு அங்கே பெருகின. 2018இல் சட்டமே வந்தது: அறுபது வயது கடந்தவர் தன் வீட்டு அறையை முப்பதுக்குக் கீழே உள்ளவருக்குக் குறைந்த தொகைக்குக் கொடுக்கலாம், பதிலுக்குச் சின்னச் சின்ன உதவி. நம்மில் எத்தனை பேர் வீட்டு மாடி பூட்டிக் கிடக்கிறது? மகன் டெக்சாசில், மகள் ஒயிட்ஃபீல்டில். ராத்திரி நெஞ்சு அடைத்தால் தட்ட ஒரு கதவு இருக்கிறதா?

ஆட்சேபங்கள் வரும், தெரியும். ராத்திரி ஷிப்ட் என்பார்கள். நம் மகள்களும் ராத்திரி ஷிப்ட்தான் பார்க்கிறார்கள், ஐ.டி. என்று பெயர் சொல்வதால் கௌரவம். கறி சமைப்பார்கள் என்பார்கள். சமைக்கட்டும், கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். முன்பின் தெரியாதவர்கள் என்பார்கள். ஆமாம், அதைத்தான் விருந்து என்றேன்.

என் வீட்டுக்காரி இதைப் படித்துவிட்டு, எழுதுவது சுலபம் என்றாள். உண்மைதான். பலகையை ஞாயிற்றுக்கிழமையே கழற்றிப் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டேன். "என்ன பாஷையில எழுதணும் சார்?" என்று கேட்டான். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்றேன். நாலுக்கும் தனித்தனி ரேட் என்றான். வீட்டுக்காரி போட்டிருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: மாடியில் தனி அடுப்பு கூடாது, கீழே வந்து எங்கள் அடுப்பில்தான் சமைக்க வேண்டும்.