அவசரகாலத்தில் ஏடு மூடலாகாது

நாட்டுக்கு ஆபத்து வந்துவிட்டதென அரசாங்கம் பறைசாற்றும் நாளிலே, முதலில் அடைக்கப்படுவது குடிமக்களின் வாய். அடுத்து மூடப்படுவது கந்தோரின் ஏடு. வாயை அடைத்த சட்டம் ஒரு நாள் நீங்கும். எழுதாமல் விட்ட ஏட்டை எந்தச் சட்டம் மீட்டுத் தரும்?

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் ஒன்று இங்கு நினைவுகூரற்பாலது. 1942 பெப்ரவரி 19ஆம் நாள், யுத்த அவசரத்தின் பெயரால், சனாதிபதி ரூஸ்வெல்ற் ஒரு கட்டளையிற் கையொப்பமிட்டார். அதன் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 சப்பானிய வம்சத்தவர் விசாரணையின்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டுப் பிரசைகள். பலர் கலிபோர்ணியாவில் மண்ணைப் பண்படுத்திய கமக்காரர். அதே ரூஸ்வெல்ற் அடுத்த மாதம், யுத்தகால நிருவாகத்தை அவ்வப்போதே எழுதிவைக்கும் பணியை அரசின் முக்கிய யுத்தப் பணிகளுக்கெல்லாம் விரிவாக்குமாறு வரவுசெலவுப் பணியகத்தைக் கேட்டுக்கொண்டார்.

ஏடு காக்கும் வழக்கத்தால் விளைந்த பயன் யாது? 1943இல் மேற்குக் கரைத் தளபதி டிவிற் தம் அறிக்கையை அனுப்பினார். விசுவாசிகளைப் பிரித்தறிய நேரம் போதவில்லை என்பதன்று, பிரித்தறியவே முடியாது என்பதே அதன் வாதம். நீதிமன்றில் அரசு கூறவிருந்ததற்கு இது பொருந்தாதெனக் கண்ட யுத்தத் திணைக்களம் வாசகத்தை மாற்றுவித்தது. மூலப் பிரதிகள் எரிக்கப்பட்டன. எரித்ததற்கும் ஓர் உத்தியோகத்தர் சான்று எழுதிவைத்தார்! பிரதியொன்றும் தப்பிற்று. இளமையில் முகாமில் அடைபட்ட ஐக்கோ ஹேர்சிக் யொஷினாகா என்னும் அம்மையார், நாற்பதாண்டின் பின் தேசிய சுவடிக்கூடத்தில் அதனைக் கண்டெடுத்தார். 1944இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிரெட் கொரெமற்சுவின் குற்றத்தீர்ப்பு 1983இல் நீக்கப்பட்டது. 1988இல் அரசு சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்க ஏற்பாடு செய்தது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1958 முதல் 2011 வரை, விட்டும் தொட்டும், பல்லாண்டுகள் அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தோம். 2022இல் அது மீண்டும் வந்தது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் நம்மிடம் உள. ஆயினும் எழுதப்படாத தகவலைக் கேட்டறிவது எங்ஙனம்? 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய கமக்காரர் ஒருவர், தம் தோட்டக் காணி எந்நாளில், எவர் கட்டளையால் எடுக்கப்பட்டதெனக் கேட்டால், விடை சொல்ல ஓர் ஏடு வேண்டாமா? அந்நியரான ஒல்லாந்தர் கூடக் காணிக்குத் தோம்பு எழுதினர். சொந்த நாட்டு அரசு எழுதாதிருக்கலாமா?

ஆகவே நாம் கேட்பது இதுவே: அவசரகாலம் பிரகடனமாகும் நாளிலேயே ஒவ்வொரு கச்சேரியும், பிரதேச செயலகமும், பொலிஸ் நிலையமும் தனியேடு திறத்தல் வேண்டும். கட்டளை, கையொப்பமிட்டவர், திகதி, எடுத்த காணி, பிடித்த ஆள் யாவும் அதில் ஏறுதல் வேண்டும். பிரதியொன்று சுவடிக்கூடத்தைச் சேர்தல் வேண்டும். அழிப்போர் தண்டிக்கப்படல் வேண்டும்.

சட்டத்தரணிகள் இதற்கான மசோதாவை வரைவார்களாக. கமக்காரர் தம் காணி உறுதியையும், அரசு தந்த சிறு துண்டையுங்கூடப் பெட்டியிற் பூட்டிவைப்பார்களாக. நாற்பதாண்டு தாமதித்த நீதிக்கும் ஒரு தாள் தேவைப்பட்டது என்பதை மறவாதிருப்போம்.